லிபரேட்டரின் வயிற்றை மூடுவதற்கு முன்

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். துபாயிலிருந்து வந்த மாமா, இரண்டாம் உலகப் போரில் பறந்த பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாராம். 72-இல் ஒரு பங்கு அளவு. தம்பி இதற்கு முன் கட்டியது சின்ன ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஒன்றுதான். காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்து மலைத்துப்போய் அப்படியே மூடி வைத்துவிட்டார். எங்கே தொடங்குவது, மூக்கில் எடை வைக்கச் சொல்கிறார்களே அது அவசியம்தானா, இந்த உப்புக்காற்றில் பெயின்ட் நிற்குமா, நம்ம பக்கத்தோடு தொடர்புள்ள வண்ணத்தில் முடிக்க வழி உண்டா என்பவை அவர் கேள்விகள். கடைசியாக ஒன்றையும் சேர்த்திருக்கிறார்: "குண்டு போடுற விமானத்தை எதுக்குப்பா வீட்ல வைக்கிறே?" என்று அவருடைய உம்மா கேட்கிறாராம்.

தம்பி, நான் மண்டபத்துக்காரன். ஃபைபர் வள்ளங்களுக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடிப்பது தொழில். இருபது வருடமாக விமான மாடல் கட்டுகிறேன். நான்கு என்ஜின் விமானங்கள் மட்டும் ஏழு கட்டியிருக்கிறேன், அதில் மூன்று லிபரேட்டர். முதல் லிபரேட்டர் கெட்டுப்போன கதையை முதலில் சொல்கிறேன். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

மூக்கில் எடை வைக்க வேண்டும் என்று வழிகாட்டித் தாளில் போட்டிருந்தது. பாம்பனில் வலைக்கடையில் ஈயக்குண்டு வாங்கினேன், வலையின் அடிக்கயிற்றில் கோப்போமே அதே குண்டு. விமானி அறைக்குப் பின்னால் ஒரு கைப்பிடி போட்டு, மரவேலைக்கு வாங்கி வைத்திருந்த வெள்ளைப் பசையை மேலே ஊற்றினேன். காய்ந்ததும் உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டி மூடிவிட்டேன். விமானம் மூன்று சக்கரத்திலும் அழகாக நின்றது. நான்காம் வருடம் தூசி தட்டும்போது பார்த்தேன், விமானி அறைக்குக் கீழே ஒட்டுக்கோடு மயிரிழை அளவுக்கு விரிந்திருந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்துவிட்டது. பிரித்தேன். குண்டுகளெல்லாம் வெள்ளை மாவு பூத்து, ஒன்றோடொன்று கட்டிப்பிடித்து, உப்பிப்போய்க் கிடந்தன. வெள்ளைப் பசையிலிருந்து மெல்லக் கசிகிற அசிட்டிக் அமிலம் ஈயத்தை அரிக்கும். காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து அதை ஈயக் கார்பனேட் ஆக்கிவிடும். அந்தப் பொடிக்கு ஈயம் இருந்ததைவிட அதிக இடம் வேண்டும். உள்ளே இடம் இல்லாததால் உடலைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருக்கிறது. நம்ம கடற்கரை ஈரத்தில் இது சீக்கிரமே நடக்கும்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. உடலை மூடிவிட்டால் உள்ளே கை போகாது. குண்டுவீச்சு விமானம் கட்டுவதில் வெற்றியும் தோல்வியும் மூடுவதற்கு முந்தைய மூன்று நான்கு வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது. பெயின்ட் சரியில்லை என்றால் உரித்துவிட்டு மறுபடி அடிக்கலாம். டெக்கால், அதாவது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் முத்திரைப் படம், கோணினால் வேறு வாங்கலாம். உள்ளே விட்ட குறைக்கு மருந்து கிடையாது.

எடை அவசியமா என்றால், லிபரேட்டருக்குக் கட்டாயம். காரணத்தைத் தெரிந்துகொண்டால் எவ்வளவு என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். இந்த விமானத்துக்கு வாலில் சக்கரம் இல்லை. மூக்கில் ஒன்று, இறக்கையின் கீழ் இரண்டு. உண்மை விமானத்தில் ஒவ்வொன்றும் அரை டன்னுக்கு மேல் எடையுள்ள நான்கு என்ஜின்கள் இறக்கைக்கு முன்னால் தொங்கும். அந்தப் பாரம் மூக்கைக் கீழே அழுத்திப் பிடிக்கும். மாடலில் அந்த என்ஜின்கள் உள்ளீடற்ற பிளாஸ்டிக் கிண்ணங்கள். வாலோ நீளமானது, இரட்டைச் சுக்கான் வேறு. அதனால் விமானம் பின்பக்கமாக உட்கார்ந்துவிடும். உண்மை லிபரேட்டரிலேயே தரையில் நிற்கும்போது பாரம் பின்னால் கூடினால் மூக்கு தூக்கிக்கொள்ளும். அதற்காக வாலுக்குக் கீழே முட்டுக்கொடுத்து நிறுத்தும் வழக்கமும் இருந்தது.

அளவு கண்டுபிடிக்க ஒரு வழி. எதையும் ஒட்டாமல், உடல், இறக்கை, வால், என்ஜின் கூடுகள் எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் கட்டி முழு விமானமாக்குங்கள். பெரிய சக்கரங்கள் தரையைத் தொடும் கோட்டில், இறக்கைக்குக் கீழே, குறுக்காக ஒரு பென்சிலை வைத்து அதன் மேல் விமானத்தை நிறுத்துங்கள். வால் சாயும். ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் ஈயக்குண்டுகளைப் போட்டு, உள்ளே எங்கே வைக்கப்போகிறீர்களோ அந்த இடத்துக்கு நேர் மேலே டேப்பால் ஒட்டுங்கள். மூக்கு சாயும் வரை ஒவ்வொரு குண்டாகச் சேருங்கள். சாய்ந்த பிறகு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வையுங்கள். பட்டியும் பெயின்டும் வாலில்தான் அதிகம் ஏறும், அதற்கு ஈடாக இருக்கட்டும். ஆனால் அளவுக்கு மீறி அள்ளிப் போட்டால் மெல்லிய கால்கள் வளைந்துவிடும்.

இடம்தான் சிக்கல். மூக்கு முழுக்கக் கண்ணாடி, அங்கே வைத்தால் வெளியே தெரியும். விமானி அறைத் தளத்துக்குக் கீழே, மூக்குச் சக்கரக் குழியின் இரு பக்கமும், அறைக்குப் பின்சுவரின் மறைவில் என்று பிரித்து வைக்கலாம். போதவில்லை என்றால் நான்கு என்ஜின் கூடுகளின் முன்பகுதியிலும் வைக்கலாம். அது பெரிய சக்கரத்துக்கு முன்னால்தான் வருகிறது. குண்டுகளைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கினால் மூலைகளில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைப் பசை வேண்டவே வேண்டாம். இரண்டு பகுதிகளைக் கலக்கும் எபாக்சி, அல்லது குழாய் ஒழுகலுக்குப் போடும் எம்-சீல் மாதிரி எபாக்சி மாவு போதும். ஈயத்தை அதற்குள் முழுக்கப் புதைத்துவிடுங்கள், காற்றே படக்கூடாது. தொட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தட்டிய இடத்துத் தூளையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனமாக.

இனி உள்ளே எவ்வளவு வேலை செய்வது என்ற கேள்வி. 72-இல் ஒரு பங்கு என்றால் ஆறடி ஆள் ஓர் அங்குலம். போர்க்காலத்தில் எதிரி விமானத்தையும் நம் விமானத்தையும் நிழலுருவை வைத்தே அடையாளம் காணப் பயிற்சி தர வேண்டியிருந்தது. அதற்காக அமெரிக்கக் கடற்படை 1942-இல் பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மர மாடல்கள் செய்துதரக் கேட்டது, இதே அளவில்தான். நீங்கள் மூன்றடி தூரத்தில் இருந்து மாடலைப் பார்ப்பது உண்மை விமானத்தை 216 அடி தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் எதற்கு உழைப்பது, எதை விடுவது என்பது தெளிவாகிவிடும். விமானி அறையில் இருக்கைகள், கைப்பிடிச் சக்கரம், கருவிப்பலகை மேல்கண்ணாடி வழியே தெரியும். அவற்றைப் பச்சையும் கறுப்புமாக முடித்துவிடுங்கள். இருக்கை வார்ப்பட்டைக்கு மாஸ்கிங் டேப்பில் மெல்லிய கீற்று வெட்டி ஒட்டினால் போதும். பக்கவாட்டுத் துப்பாக்கிச் சன்னல்கள் திறந்திருந்தால் அந்தப் பகுதியின் உட்சுவரும் தெரியும். நடுவில் குண்டு அறை. லிபரேட்டரில் அதன் கதவுகள் கீழ்நோக்கித் திறக்காது. கடை ஷட்டர் மாதிரி உடலின் பக்கவாட்டில் மேலே சுருண்டு ஏறும். பார்க்க அருமையாக இருக்கும். ஆனாலும் முதல் லிபரேட்டருக்குக் கதவை மூடியே கட்டச் சொல்வேன். திறந்து வைத்தால் உள்ளே நடைபாலம், தாங்கிகள், குண்டுகள் என்று இன்னொரு கிட் அளவுக்கு வேலை, தலைகீழாகப் பிடித்தால்தான் தெரியும்.

மூடுவதற்கு முந்தைய நாள் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் டேப்பால் கட்டி ஒரு கை குலுக்குவேன். உள்ளே ஏதாவது கிலுகிலுத்தால் மூடமாட்டேன். பின்னால் துப்பாக்கிக் கூண்டுகள் சுழல வேண்டுமென்றால் அதையும் அன்றே சரிபார்ப்பேன். கண்ணாடிச் சன்னல்கள் உட்பக்கமிருந்து ஒட்டுகிற வகையா என்பதையும் பாருங்கள். பல கிட்களில் அப்படித்தான். இங்கே மட்டும் வெள்ளைப் பசை நல்ல பசை, கண்ணாடிபோலக் காயும். சூப்பர் குளூ கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் புகைபோலப் படிந்துவிடும், உள்ளே படிந்தால் துடைக்க முடியாது. சூப்பர் குளூ காற்றின் ஈரத்தில்தான் இறுகுகிறது, நம்ம ஊரில் கண் இமைப்பதற்குள் பிடித்துக்கொள்ளும், அதையும் மனதில் வையுங்கள்.

மற்றபடி பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் ஒட்டத் தண்ணீர் மாதிரி மெல்லிய சிமென்ட் வாங்குங்கள், தமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரி. இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, தூரிகை நுனியால் கோட்டில் தொட்டால் அது தானாக உள்ளே ஓடும். பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்குகிற திரவம் அது. லேசாக அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் ஒரு நூல் மாதிரி பிதுங்கி நிற்கும், அதுதான் நல்ல அடையாளம். அதை உடனே தொடாதீர்கள். ஒரு முழு நாள் விட்டுத் தேய்த்தால் அதுவே பட்டியாகிவிடும். ஒரே மூச்சில் தலை முதல் வால் வரை ஒட்ட நினைக்காமல் இரண்டு அங்குலம் ஒட்டி, பிடித்து, அடுத்த இரண்டு அங்குலம் போங்கள்.

பட்டி பார்ப்பதில் நான் பிழைப்பவன் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். லிபரேட்டரின் முதுகில் ஒட்டுக்கோடு நீளமாக ஓடும். உண்மை விமானத்தில் அங்கே கோடே இல்லை. இறக்கை உடலோடு சேரும் இடம் இன்னொரு சோதனை. இந்த விமானத்தின் இறக்கை நீளமாக, ஒல்லியாக, வடிவமைத்தவர் பெயரால் டேவிஸ் இறக்கை என்று அழைக்கப்படுவது. உண்மையில் 110 அடி, உங்கள் மேசையில் நாற்பத்தாறரை சென்டிமீட்டர். அடிப்பகுதியில் கொஞ்சம் தொய்ந்தாலும் நுனியில் நன்றாகத் தெரியும். ஒட்டியதும் இரு நுனிகளுக்கும் கீழே ஒரே உயரத்தில் தீப்பெட்டிகளை அடுக்கி, நேராக எதிரே உட்கார்ந்து, இரண்டு சுக்கான்களும் செங்குத்தாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். உடலுக்குள் குறுக்கே போகும் உத்தரம் உங்கள் கிட்டில் இல்லையென்றால், மூடுவதற்கு முன்பே ஒரு பித்தளைக் குழாயையோ தடித்த பிளாஸ்டிக் பட்டையையோ குறுக்கே கொடுத்துவிடுங்கள்.

இடைவெளியில் பட்டியை நிரப்பும்போது குறைவாக, இரண்டு மூன்று தடவையாக நிரப்புங்கள். மொத்தமாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும், ஒரு மாதத்தில் உள்வாங்கிப் பள்ளம் விழும். வள்ளத்திலும் இதே கதைதான். வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து 400-இல் தொடங்கி 600, 1000 என்று போங்கள். சரியாகிவிட்டதா என்று கண்ணால் பார்க்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலின் சதைப்பகுதியைக் கோட்டுக்குக் குறுக்கே மெதுவாக ஓட்டுங்கள். பட்டி ஒரு நிறம், பிளாஸ்டிக் ஒரு நிறம் என்பதால் கண் ஏமாறும். விரலுக்கு நிறம் தெரியாது, மேடு பள்ளம் மட்டும்தான் தெரியும். நானும் அப்படித்தான் வள்ளத்தின் முன்பகுதியான அணியத்தைப் பார்ப்பேன். தேய்த்ததில் அழிந்துபோன தகட்டுக் கோடுகளை ஒரு ஊசியால், பெயர் பொறிக்கும் தடித்த டைமோ டேப்பையோ உலோக அளவுகோலின் ஓரத்தையோ பிடித்துக்கொண்டு மறுபடி கீறிவிடுங்கள்.

என்ஜின்களை நான்கையும் ஒரே நேரத்தில், ஒவ்வொரு படியாகச் செய்யுங்கள். ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போனால் நான்காவதற்கு வரும்போது அலுத்துவிடும், அது முகத்தில் தெரியும். வரிசைக்கு ஏழாக என்ஜினுக்குப் பதினான்கு சிலிண்டர், ஒவ்வொரு சுழலிக்கும் மூன்று இதழ். முன்கூடுகள் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்தில் படுத்திருப்பதைக் கவனியுங்கள். என்ஜினின் இரு பக்கமும் எண்ணெயையும் டர்போ காற்றையும் குளிர்விக்கும் வழிகளை வைத்ததால் வந்த வடிவம் அது. லிபரேட்டரின் முகமே அதுதான். அதைத் தேய்க்கும்போது வட்டமாக்கிவிடாதீர்கள்.

இப்போது உப்புக்காற்று. ஏர்பிரஷ் இல்லாதது குறையே இல்லை, தூரிகையிலேயே நல்ல விமானம் வரும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக்கில் தூரிகைக்கென்றே வருகிற வகை, வயேஹோ மாதிரி, வாங்குங்கள். பால் பதத்துக்கு நீர்க்கச் செய்து நான்கு ஐந்து மெல்லிய பூச்சாக அடியுங்கள். முதல் இரண்டு பூச்சு திட்டுத்திட்டாகப் பார்க்கச் சகிக்காது. பயப்படாமல் காயவிட்டு அடுத்ததற்குப் போங்கள். காயாத இடத்தில் மறுபடி தூரிகையை வைத்தால் அடிப்பூச்சு உரியும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் சன்னலைத் திறந்து வைத்து அடிக்காதீர்கள். காற்று தூரிகை நுனியிலேயே பெயின்டைக் காய வைக்கும், மணலும் வந்து ஒட்டும். காலையில் ஏழு மணிக்குள் அல்லது காற்று விழுந்த பொழுதில், மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

ஸ்ப்ரே டப்பாவில் பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடிப்பதாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். வாடை மழை ஈரத்தில் அந்தக் குளிர்ச்சியில் நுண்துளியாகத் தண்ணீர் படிந்து பெயின்ட் வெள்ளை பூத்துவிடும். எனக்கு மாசி, பங்குனிதான் பெயின்ட் மாதங்கள். வாகனக் கடையில் விற்கும் பிரைமர் சில சமயம் பிளாஸ்டிக்கையே உருக்கும், பாகங்களைத் தாங்கி வந்த சட்டத்துண்டில் முதலில் அடித்துப் பாருங்கள். அதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை: நம்ம ஊரில் ஒரு வாரம் திறந்து கிடந்த எந்தப் பொருள் மேலும் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் இருக்கும், கை வியர்வையும் சேரும். பிரைமருக்கு முன் முழு விமானத்தையும் பாத்திர சோப்புத் தண்ணீரில் மென்மையான பல்துலக்கியால் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, ஒரு இரவு மூடிய டப்பாவில் காயவிடுங்கள். கழுவின பிறகு வெறும் கையால் தொடாதீர்கள். கட்டாத நேரமெல்லாம் விமானம் மூடி போட்ட டப்பாவில்தான் இருக்க வேண்டும். வெட்டும் கருவிகளுக்கு மிஷின் எண்ணெய் தடவி வையுங்கள், இல்லையென்றால் ஒரே மாதத்தில் துருப்பிடிக்கும். எண்ணெய்க் கையோடு மட்டும் மாடல் பக்கம் வராதீர்கள்.

நம்ம பக்கத்து வண்ணம் கேட்டீர்கள். லிபரேட்டர் நமக்கு அந்நிய விமானம் இல்லை. 1939 டிசம்பர் 29-இல் முதலில் பறந்தது, போர் முடிவதற்குள் 18,000-க்கு மேல் கட்டப்பட்டது. வேறு எந்தக் குண்டுவீச்சு விமானமும் இத்தனை எண்ணிக்கையில் கட்டப்படவில்லை. பிரிட்டிஷ் விமானப்படையின் 160-ஆவது ஸ்குவாட்ரன் (விமான அணி) இலங்கையில் சிகிரியா, காங்கேசன்துறை, மின்னேரியா தளங்களிலிருந்து லிபரேட்டர்களைப் பறக்கவிட்டது. மின்னேரியா மண்டபத்திலிருந்து நேர்கோட்டில் 250 கிலோமீட்டருக்குள். காங்கேசன்துறை நம்ம வடகடலுக்கு அக்கரையேதான். 1945-இல் மின்னேரியாவிலிருந்து கிளம்பி, சிங்கப்பூர்க் கடலில் கண்ணிவெடி விதைத்துவிட்டு, ஏறத்தாழ 20 மணி நேரம் எங்கும் இறங்காமல் திரும்பி வந்திருக்கிறார்கள்.

போர் முடிந்ததும் கான்பூரில் நிறுத்தியிருந்த லிபரேட்டர்களை, இனி யாரும் ஓட்ட முடியாதபடி பிரிட்டிஷார் உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த உடைசல்களைப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் பெங்களூருக்குப் பறந்து கொண்டுபோய், ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆலையில் புதுப்பித்தார்கள். 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5-ஆவது ஸ்குவாட்ரன் அந்த விமானங்களோடு உருவானது. பிறகு 6-ஆவது ஸ்குவாட்ரன் அவற்றைக் கடல் ரோந்துக்கு வைத்துக்கொண்டு 1968 வரை பறந்தது. உலகத்தில் இன்று மிஞ்சியிருக்கும் லிபரேட்டர்களில் பல, பிரிட்டனின் ஆர்.ஏ.எஃப். அருங்காட்சியகத்தில் இருப்பது உட்பட, இந்தியா காப்பாற்றிக் கொடுத்தவை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். உடைத்துப் போட்டதைத் திரும்பப் பறக்க வைத்தார்களே!

இந்திய விமானப்படை லிபரேட்டர் வெள்ளி நிறத்தில், வெளியே காவி, நடுவில் பச்சை வட்டத்தோடு கம்பீரமாக இருக்கும். ஆனால் அதை இரண்டாவது லிபரேட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிப் பூச்சு எதையும் மறைக்காது, 1000 எண் தாளின் கீறலைக்கூடக் காட்டிக்கொடுக்கும். தூரிகையில் அது வராது. முதலாவதற்கு, இந்தியா, இலங்கை, பர்மா பக்கத்துப் போரை நடத்திய தென்கிழக்காசியக் கட்டளையில் இருந்த பிரிட்டிஷ் லிபரேட்டர் ஒன்றைக் கட்டுங்கள்: மேலே மங்கிய ஆலிவ் பச்சை, கீழே சாம்பல். பளபளப்பில்லாத மேட் நிறம் பல பிழைகளை மன்னிக்கும். அதன் வட்ட முத்திரையைக் கவனியுங்கள். வழக்கமான பிரிட்டிஷ் முத்திரையில் நடுவில் சிவப்புப் புள்ளி இருக்கும். ஜப்பானிய விமானங்களின் சிவப்பு வட்டத்தோடு குழம்பி நம் விமானத்தையே நாம் சுட்டுவிடக்கூடாது என்பதற்காக இங்கே சிவப்பை எடுத்துவிட்டு, கருநீலத்துக்குள் வெளிர்நீலம் மட்டும் வைத்தார்கள். அலமாரியில் இருக்கும் விமானம் ஐரோப்பாவில் பறந்ததா நம்ம கடல் மேல் பறந்ததா என்பதை அந்த இரட்டை நீலம் ஒன்றே சொல்லிவிடும். உங்கள் பெட்டியில் அந்த டெக்கால் இல்லையென்றால் தனியாக விற்கிறார்கள்.

தகட்டுக் கோடுகளில் கறுப்பு மை ஓட்டுவது இப்போது பலருக்கு வழக்கம். உச்சிப்புளி ஐ.என்.எஸ். பருந்து தளத்துக்குப் போகும் விமானங்கள் எங்கள் தலைக்கு மேலே தாழ்வாகத்தான் வரும். அதில் ஒரு கோடு கூட எனக்குத் தெரிந்ததில்லை. அடிநிறத்தைவிட ஒரு சாயல் மட்டும் கருமையாக ஓட்டினால் போதும்.

டெக்கால் போடும் முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கட்டாயம். சொரசொரப்பான மேட் மேல் போட்டால் அடியில் காற்று சிக்கி, வெள்ளை வெள்ளையாகத் தெரியும். தண்ணீர் விஷயத்தில் நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் டெக்காலை ஊறவைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் காய்ந்ததும் முத்திரையைச் சுற்றி வெள்ளை வளையம் நிற்கும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், முழு விமானத்துக்கும் அரை டம்ளர் போதும். ஒட்டியதும் ஈரத் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி, டெக்காலை இளக்கும் திரவம் ஒரு சொட்டு. அது சுருங்கும், தொடாதீர்கள், தானாகப் படிந்துவிடும். எல்லாம் காய்ந்தபின் மேட் வார்னிஷ்.

வானலைக் கம்பிக்கு மீன்பிடிக்கிற நம்ம தங்கூசி நூலையே போட்டுவிடலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். நானும் போட்டுப் பார்த்தேன். 0.2 மில்லிமீட்டர் தங்கூசி 72 மடங்கானால் 14 மில்லிமீட்டருக்கு மேல், அது கம்பியாகத் தெரியாது, கப்பல் கயிறாகத் தெரியும். சட்டத்துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே காட்டி, மினுமினுத்து இளகும் நொடியில் சுடரைவிட்டு வெளியே எடுத்து, நிதானமாக இழுங்கள். தலைமுடியைவிட மெல்லிய இழை வரும். பத்து இழுத்தால் ஒன்று நன்றாக வரும்.

உம்மா கேட்டது நியாயமான கேள்வி. நான் என்ன நினைக்கிறேன் என்பதைச் சொல்கிறேன், அவரிடம் படித்துக் காட்டுங்கள். மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போன நம் தமிழ் ஜனங்களை ஜப்பானிய ராணுவம் சயாம்-பர்மா ரயில் பாதைக்கு இழுத்துக்கொண்டுபோனது. 1942, 43-இல் 415 கிலோமீட்டர் பாதைக்காக ஆயிரமாயிரம் பேர் காய்ச்சலிலும் காலராவிலும் பட்டினியிலும் மடிந்தார்கள். அந்தப் பாதையின் பாலங்களை உடைத்தவை லிபரேட்டர்கள். அதே குண்டுகளில் பாதையோர முகாம்களில் இருந்த போர்க்கைதிகளும் செத்தார்கள். 1943 ஆகஸ்ட் 1-இல் ருமேனியாவின் பிலோயெஷ்டி எண்ணெய் ஆலைகளைத் தாக்க 170-க்கு மேற்பட்ட லிபரேட்டர்கள் போனபோது 50-க்கு மேல் திரும்பவில்லை, ஒவ்வொன்றிலும் ஒன்பது பத்து இளைஞர்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டேதான் நான் கட்டுகிறேன். பெட்டியின் மேல் இருக்கும் படத்தில் தீயும் புகையும் அழகாகத் தெரியும். துப்பாக்கிக் கூண்டுக்குள் ஒரு அங்குல உயர மனிதனை வைத்து ஒட்டும்போது அப்படித் தோன்றாது. அவன் அந்தக் கூண்டில் பத்து மணி நேரம் மடங்கி உட்கார்ந்திருப்பான் என்பது கைக்குப் புரியும். மூன்று மாதம் ஒரு விமானத்தோடு உட்கார்ந்தால் அதில் போனவர்களையும் அதன் கீழே இருந்தவர்களையும் நினைக்காமல் இருக்க முடியாது. அதற்காகவே இது வீட்டில் இருக்கலாம் என்பது என் எண்ணம். குண்டு அறைக் கதவை மூடி வைக்கச் சொன்னேன் அல்லவா, உம்மாவுக்கும் அது பிடிக்கும்.

பெயின்ட் படாமலிருக்கக் கண்ணாடிகளின் மேல் ஒட்டிய மாஸ்கிங் டேப்பை உரிப்பது கடைசி வேலை. ஓரத்தில் பெயின்ட் உரிந்து வராமலிருக்க முதலில் பிளேடு நுனியால் மெல்லக் கீறிவிட்டு உரியுங்கள். விமானத்தைக் கண்ணாடி அலமாரியில், மேற்கு வெயில் படாத சுவரில் வையுங்கள். இறக்கை நீளம் நாற்பத்தாறரை என்பதால் அலமாரியை இப்போதே அளந்து பாருங்கள், நம் வீட்டு ஷோகேஸ்களில் பல முப்பது சென்டிமீட்டர் ஆழம்தான் இருக்கும், சாய்த்து வைக்க வேண்டி வரும். பூச்சி வராமலிருக்க அதே அலமாரியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். நாப்தலீன் ஆவி இந்தப் பிளாஸ்டிக்கை இளக்கிப் பிசுபிசுப்பாக்கிவிடும்.